ஆறாம் கட்டில்

சிதம்பரம்
9-6-2008

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் நான் அழுவேன், நீங்கள் ரிசீவரை வைத்துவிடுவீர்கள். "சொல்ல வேண்டியத எழுது" என்றீர்கள். எழுதுகிறேன்.

ரிசல்ட் வந்து நான்கு மாதம் ஆகிறது. இங்கே சிதம்பரத்தில் நானும் வினோதினியும் ஏறி இறங்காத கிளினிக் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: முதல் ஆறு மாதம் டிரெய்னிங், சாப்பாடு உண்டு, சம்பளம் கிடையாது. மூன்று வருடம் நர்சிங் படித்தது டிரெய்னிங் இல்லையா என்று கேட்டால், "அது படிப்பு, இது டிரெய்னிங்கு" என்கிறார்கள்.

போன திங்கட்கிழமை எங்கள் பிரின்சிபால் ராமாமிர்தம் சார் பழைய மாணவிகளைக் கூப்பிட்டார். கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் புதிதாகப் படித்து முடித்த நர்சுகளை நாள் சம்பளத்துக்கு எடுக்கிறார்களாம். வந்த நாளைக்கு நூற்றிருபது ரூபாய். பெயரைச் சொன்னதும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அது உங்கள் ஆஸ்பத்திரி. வினோதினி காதோரம், "உங்கம்மாதானடி அங்க சீனியரு? உனக்கென்ன, ராணி மாதிரி போவ" என்றாள். நான் சிரித்து வைத்தேன்.

சித்தி மகன் சர்ச்சில் புதுநன்மை வாங்கிய அன்று விருந்தில் நீங்கள் சொன்னது அவளுக்குத் தெரியாது. நான் வேலைக்குப் போகிறேனா என்று மாமா கேட்டார். திருப்பாதிரிப்புலியூர் சனம் முழுக்க உட்கார்ந்திருந்தது. நான் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். "இன்னும் இல்ல. நாள்கூலிதான்னா நடவுக்கே போலாம், மத்தியானம் கஞ்சியாவது ஊத்துவாங்க" என்றீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மேட்ரன் லோகநாயகி மேடத்தின் கீழ் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறீர்கள். நாள் சம்பளம் வேண்டாம், ஒரு நிரந்தர இடம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்காக இதுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை நீங்கள். இந்த ஒரு முறை கேளுங்கள்.

ஜான்சி


கடலூர்
14-6-2008

அன்புள்ள ஜான்சிக்கு,

கடிதம் கிடைத்தது. அன்று விருந்தில் நான் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சிரித்தவர்கள் மற்றவர்கள்.

நாள் சம்பளம் என்றால் என்ன என்று உன் பிரின்சிபால் சொல்லியிருக்க மாட்டார். விடிந்ததும் பெண்கள் வந்து மருந்துக் கடைப் பக்கத்து பெஞ்சில் உட்கார வேண்டும். அன்றைக்கு எத்தனை நோயாளிகள் என்று மேட்ரன் பார்த்து, வேண்டிய அளவுக்குப் பேரைக் கூப்பிடுவார். மற்றவர்கள் பஸ் ஏற வேண்டியதுதான். காத்திருந்ததற்குக் காசு இல்லை. போன வாரம் ஒருத்தி காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போய்ப் படு என்றேன். "போனா நாளைக்கு என்னக் கூப்புட மாட்டாங்க மேடம்" என்றாள். அவளைக் கூப்பிட்டார்கள். குழந்தைகள் வார்டுக்கு அனுப்பினார்கள்.

இன்று ஆண்கள் வார்டு, நாளை பிரசவ வார்டு, அதற்கு மறுநாள் வீடு. எந்த நோயாளியையும் அவள் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. இந்தப் பெண்கள் மோசமானவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு வார்டில் ஒரு நாள் இருப்பவள் நர்சாக இருக்க முடியாது என்கிறேன். எங்களில் ஒருத்தி ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்புவதே இல்லை. பெஞ்சிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

அதனால்தான் சங்கத்தில் முடிவு செய்திருக்கிறோம். ஜூலையிலிருந்து வார்டில் யாரும் பேனா எடுப்பதில்லை. நோயாளிக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்வோம். எதையும் எழுத மாட்டோம். எழுத்து இல்லையென்றால் பில் போட முடியாது; அவர்களுக்கு அந்த மொழிதான் புரியும். அதற்கும் மசியவில்லை என்றால் வெளியே வந்துவிடுவோம்.

நாள் சம்பளப் பெண்கள் வார்டுக்குள் வரக் கூடாது என்பது எங்கள் முதல் கோரிக்கை. என் மகளுக்கு இடம் கேட்டு நான் மேட்ரன் அறைக்குப் போக முடியாது. நீயாகவே வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தால், உன்னை எனக்குத் தெரியாது.

ஜெயராணி


சிதம்பரம்
2-7-2008

அம்மாவுக்கு,

பொறுத்திரு என்று நீங்கள் எழுதக்கூட இல்லை. எதற்காகப் பொறுப்பது என்று நான் கேட்பேன் என்று தெரிந்திருக்கும்.

அப்பா நேற்று வந்தார். தூக்கில் வஞ்சிரக் குழம்பு கொண்டுவந்தார். வினோதினியும் நானும் ஒரு நேரத்திலேயே முடித்துவிட்டோம். "உங்கம்மா புடிச்ச புடியில நிப்பா. நீயாவது வளஞ்சு குடு" என்றார். அவுங்களைக் கொஞ்சம் வளையச் சொல்லுங்களேன் என்றேன். "அதுக்கு வேற ஆளப் பாரு" என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நீங்கள் வெளிநடப்பு செய்தால் அன்றே எங்களை வேனில் அழைத்துப்போவதாக ராமாமிர்தம் சார் சொல்கிறார். ஸ்டிரைக் முடியும்வரை நின்று வேலை பார்ப்பவர்களை நிரந்தரமாக்குவார்களாம். உங்கள் மேட்ரனே சொன்னாராம். வாய்வார்த்தைதான். எனக்கு இதுவரை யாரும் வாய்வார்த்தைகூடத் தரவில்லை.

போவேன் என்று நான் எழுதவில்லை. போகமாட்டேன் என்றும் எழுதவில்லை.

ஜான்சி


(அஞ்சலட்டை)
கடலூர்
5-7-2008

வராதே.

ஜெயராணி


சிதம்பரம்
16-7-2008

அம்மா,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எங்கேயாவது தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

எங்கள் வேன் பின்வாசல் வழியாக உள்ளே போனது. முன்வாசலில் உங்கள் சங்கத்துக்காரர்கள் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேட்ரன் ஆளுக்கொரு வார்டைக் காட்டினார். எனக்கு ஆண்கள் சர்ஜரி. உள்ளே போனால் நைட் டூட்டி முடித்து நீங்கள் நிற்கிறீர்கள். ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அடுத்து வருபவளிடம் சொல்லி ஓவர் கொடுக்காமல் நர்ஸ் வார்டை விட்டுப் போகக் கூடாது. எடுத்துக்கொள்ள வந்தவள் நான்.

நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாங்க சிஸ்டர்" என்றீர்கள். கேஸ் ஷீட்டில் எதுவும் எழுதியிருக்காது என்று எனக்குத் தெரியும், அதனால் காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். ஒன்றாம் கட்டிலிலிருந்து ஒவ்வொருவராகச் சொன்னீர்கள். அழகாகச் சொன்னீர்கள். நாலாம் கட்டில்காரர் இரவு முழுவதும் தூங்கவில்லை, மகன் வரவில்லை என்று கவலை என்பதுவரை சொன்னீர்கள். ஆறாம் கட்டிலில், "சுப்பராயலு, குறிஞ்சிப்பாடி, கால்ல புண்ணு, பெனிசிலின் எட்டு மணிக்கு" என்றீர்கள். "டெஸ்ட் டோஸ் போட்டாச்சாம்மா?" என்று கேட்டேன். வாய் தவறி அம்மா என்றுவிட்டேன். "போட்டாச்சு சிஸ்டர்" என்று ஏழாம் கட்டிலுக்குப் போய்விட்டீர்கள்.

முதல் வருடப் படிப்பில், லீவுக்கு வந்தபோது சமையலறையில் வைத்து நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள். மருந்தை ஒரு துளி தோலுக்குள் ஏற்று. ஏற்றிய இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போடு. அரை மணி கழித்து வட்டத்துக்குள் தடித்திருந்தால் அந்த மருந்து அந்த உடம்புக்கு ஆகாது, போடாதே. நான் வட்டத்தைத் தேடினேன். வலது கையில் டிரிப் ஓடியது, அங்கே இல்லை. இடது கையைப் போர்வைக்குள் வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். நீங்கள் பார்த்துவிட்டுத்தானே எட்டு மணிக்கு என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தேன்.

"புதுசா வந்திருக்கியா பாப்பா? மெதுவாப் போடு" என்றார். மெதுவாகத்தான் போட்டேன்.

ஊசியை எடுப்பதற்குள் நெஞ்சைப் பிடித்தார். உதடு நீலமாகியது. நான் கத்தினேன். அட்ரினலின் இருக்கும் அலமாரி பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று அந்த வார்டில் இருந்த யாருக்கும் தெரியாது, நாங்கள் எல்லாரும் அன்று காலை வந்தவர்கள். டூட்டி டாக்டர் பூட்டை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போர்வை கீழே விழுந்து கிடந்தது. இடது முன்கையில் ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது. வட்டம் இல்லை.

அவர் மனைவி மாரியம்மாள் இட்லி வாங்கப் போயிருந்தார். பொட்டலத்தோடு வந்து நின்றார். அழவில்லை. என்னைப் பார்த்து, "ஊசி போட்டா சரியாயிடும்னுதானம்மா சொன்ன?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நான் வருவதற்கு முன்னால் நீங்கள் அந்தக் கையைப் பார்த்தீர்களா?

ஜான்சி


கடலூர்
21-7-2008

ஜான்சிக்கு,

பந்தலில் இருந்தேன். நீ கத்தியது வெளியே கேட்டது. உன் குரல் என்று எனக்குத் தெரிந்தது.

ஓவர் என்பது இரண்டு பேர் செய்யும் வேலை. ஒருத்தி சொல்ல வேண்டும், ஒருத்தி கேட்க வேண்டும். டெஸ்ட் டோஸ் போட்டாச்சா என்று கேட்டாய். போட்டாச்சு என்றேன். அதற்கு அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது: கையில் என்ன வந்தது? அதைக் கேட்கத் தெரியாதவளைத்தான் நாளைக்கு நூற்றிருபது ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அதைத்தான் நாங்கள் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வட்டம் ஏன் இல்லை என்கிறாய். பேனா எடுப்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்தது உனக்குத் தெரியும். நானே எழுதியிருந்தேன். வட்டம் இல்லை என்றால் மனிதனுக்கு இன்னொரு கை இருக்கிறது. போர்வையை விலக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

அன்று மத்தியானமே பந்தலில் புதுத் தட்டி வைத்தார்கள். "நாள் சம்பள நர்சு, நாலு மணி நேரத்தில் சாவு" என்று. நாலு மணி நேரம் என்பது சரியில்லை, ஒரு மணி நேரம்தான் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. இப்போது பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். நிர்வாகம் முதல்முறையாகப் பேச்சுக்குக் கூப்பிட்டிருக்கிறது.

நீ போட்டிருந்தது என் பழைய வெள்ளைச் சீருடை. இடுப்பில் பிடித்துத் தைத்திருந்தாய். வார்டு வாசலில் நீ வரும்போதே பார்த்தேன். வராதே என்று ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தேன்; அது உனக்குப் புரியாமல் போயிருக்காது.

ஜெயராணி


சிதம்பரம்
30-7-2008

அம்மா,

கையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் சொன்னதாகவும் எழுதவில்லை. எட்டு முறை படித்துவிட்டேன், எங்கேயும் இல்லை.

ஆகஸ்டில் விசாரணையாம். நிர்வாகத்தின் ஆள், வெளியிலிருந்து ஒரு டாக்டர், நர்சிங் கவுன்சிலுக்கு எழுதப்போகிற ஒருவர். நான் யார் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. டூட்டிப் பட்டியலில் என் பெயர் கிடையாது. "அந்தப் பொண்ணு எங்க ஸ்டாஃபே இல்ல, ஸ்கூல்லேர்ந்து அனுப்பினாங்க" என்று மேட்ரன் சொல்லிவிட்டார். படித்து முடித்துப் போனவளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ராமாமிர்தம் சார் சொல்லிவிட்டார். ஊசியைப் பிடித்த கை மட்டும் என்னுடையது.

ஓவரில் எனக்குச் சொல்லப்படவில்லை என்று தெரிந்தால் என் பெயரைக் கவுன்சில் பதிவேட்டில் விட்டுவைப்பார்கள். சொல்லியும் போட்டேன் என்றால் பெயரை அடித்துவிடுவார்கள். பிறகு எந்த ஊரிலும் நான் நர்ஸ் கிடையாது. மூன்று வருடப் படிப்பு, அப்பா விற்ற மனை, எல்லாம் போகும். நீங்கள் ஒரு வரி சொன்னால் போதும். வேண்டுமென்று சொல்லாமல் விட்டேன் என்று சொல்ல வேண்டாம். அவசரத்தில், மகளைப் பார்த்த அதிர்ச்சியில் விட்டுப்போனது என்று சொல்லுங்கள். அதை நானும் நம்பிக்கொள்கிறேன்.

வினோதினி அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டாள். "உங்கம்மா வேணும்னே செஞ்சாங்களாடி?" என்று கேட்டாள். அறைந்துவிட்டேன். வாழ்க்கையில் நான் ஒருத்தியை அறைந்தது உங்களுக்காக.

ஜான்சி


கடலூர்
4-8-2008

ஜான்சிக்கு,

நீ கேட்பதை நான் செய்ய முடியாது.

ஓவரில் குறை வைத்தேன் என்று நான் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா? ஸ்டிரைக் செய்த நர்ஸ் வேண்டுமென்றே ஆளைக் கொன்றாள் என்று எழுதுவார்கள். ஜெயராணி என்று எழுத மாட்டார்கள், சங்கம் என்று எழுதுவார்கள். ஐம்பத்து மூன்று பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்ப அந்த ஒரு வரி போதும். அவர்களில் இருசம்மாளின் கணவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. மங்கலத்துக்கு இரண்டு பெண்கள். நீ ஒருத்தி. இருபத்திரண்டு வயது. வேறு ஏதாவது படிக்கலாம்.

இது கொடுமை என்று சொல்வாய். இருக்கலாம். நான் கொடுமையில்லாதவள் என்று உனக்கு என்றைக்கும் சொன்னதில்லை.

அவசரம், அதிர்ச்சி என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். இருபத்து நான்கு வருடத்தில் எந்த ஓவரிலும் நான் எதையும் விட்டதில்லை. அது அந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். மேட்ரனுக்கும் தெரியும். அதனால் விசாரணையில் நான் சொல்வதைத்தான் நம்புவார்கள்.

இந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டிருக்காதே.

ஜெயராணி


லால்பேட்டை
29-8-2008

அம்மாவுக்கு,

விசாரணையில் நான் என்ன சொன்னேன் என்று சங்கத்துக்காரர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஏன் சொன்னேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் நிர்வாகியின் அறையில் உட்காரவைத்தார்கள். காபி கொடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு முதன்முதலாக ஒரு நாற்காலி கிடைத்தது அன்றுதான். மேட்ரனும் இருந்தார். நிர்வாகி ரொம்ப மரியாதையாகப் பேசினார். "உங்கம்மா சொல்லலன்னு மட்டும் சொல்லும்மா. உண்மையத்தான கேக்குறோம்? வர்ற ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீ பெர்மனென்ட். கவுன்சிலுக்கு நாங்களே எழுதிக் குடுக்குறோம்" என்றார். மேட்ரன் என் முதுகைத் தடவி, "ஜெயராணி பொண்ணுன்னா கை சுத்தமாத்தான் இருக்கும்" என்றார்.

பொய் சொல்லச் சொல்லவில்லை அம்மா. உண்மையைத்தான் கேட்டார்கள். நான் ஆசைப்பட்டதெல்லாம் அந்த மேசைமேல் இருந்தது.

உள்ளே போனேன். நைட் நர்ஸ் டெஸ்ட் டோஸ் பற்றி என்னிடம் சொன்னார்களா என்று அந்த வெளி டாக்டர் கேட்டார். சொன்னார்கள், கை தடித்திருக்கிறது, போடாதே என்று தெளிவாகச் சொன்னார்கள், நான்தான் மறந்துவிட்டேன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "யோசிச்சு சொல்லுங்க" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன்.

பாசத்தில் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஐம்பத்து மூன்று பேருக்காகவும் இல்லை. எனக்குச் சாவி எங்கே என்று சொல்லக்கூட அவர்களில் ஒருத்தி உள்ளே வரவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால், பெற்ற மகளே காட்டிக்கொடுத்தாள் என்று ஆகியிருக்கும். நீங்கள் பந்தலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். எப்போதும் போல நியாயம் உங்கள் பக்கம் வந்து சேர்ந்திருக்கும். அதை உங்களுக்குத் தர எனக்கு மனம் வரவில்லை. இப்போது நீங்கள் அந்த வார்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். என்ன நடந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி இனி பேசமாட்டாள். மற்றவள் தினமும் ஆறாம் கட்டிலுக்கு விரிப்பு மாற்ற வேண்டும்.

கவுன்சிலிலிருந்து கடிதம் வரும் என்றார்கள். அதற்குக் காத்திருக்கவில்லை. இங்கே ஒரு சின்ன பிரசவ கிளினிக்கில் சேர்ந்திருக்கிறேன். சர்டிபிகேட் கேட்கவில்லை. துணி அலசுகிறேன், குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறேன். ஊசி பிடிப்பதில்லை. நாள் சம்பளம்தான்.

உங்கள் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். பயப்பட வேண்டாம்.

ஜான்சி


கடலூர்
18-10-2008

அன்புள்ள ஜான்சிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிறது. வேலை அதிகம், உடனே எழுத முடியவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. நிரந்தர நர்சுகளுக்குச் சம்பளம் கூடியிருக்கிறது. யாரையும் நீக்கவில்லை. நாள் சம்பளம் பற்றிப் பிறகு பேசலாம் என்று நிர்வாகம் கேட்டது, சங்கமும் ஒத்துக்கொண்டது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. பெஞ்சு பழைய இடத்தில்தான் இருக்கிறது. இப்போது முன்னைவிட நிறையப் பேர் வருகிறார்கள். போன வாரம் உன் சிநேகிதி வினோதினியைப் பார்த்தேன். எனக்கு வணக்கம் சொன்னாள். நல்ல பெண்ணாகத் தெரிகிறாள்.

ஆண்கள் சர்ஜரிக்கு என்னை இன்சார்ஜாகப் போட்டிருக்கிறார்கள். பெஞ்சிலிருந்து யாரைக் கூப்பிடுவது என்று காலையில் மேட்ரன் என்னைத்தான் கேட்கிறார்.

நீ எழுதியிருந்ததைப் பற்றி யோசித்தேன். முதலில் கோபம் வந்தது. பிறகு, விசாரணையில் நீ சொன்னதை அவர்கள் படித்துக் காட்டினார்கள். இரண்டு முறை படிக்கச் சொன்னேன். நீ சொன்னபடிதான் நடந்திருக்க வேண்டும். நான் ஆறாம் கட்டிலருகே நின்று, கை தடித்திருக்கிறது, போடாதே என்று சொன்னது இப்போது எனக்கு நன்றாக நினைவுக்கு வருகிறது. நீ அப்போது ஏழாம் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். புது ஆள், விடிகாலையில் எழுந்து வேனில் வந்த அசதி. யாருக்கும் நடக்கக் கூடியதுதான்.

அப்பா உன்னைத் தேடுகிறார். கிறிஸ்துமசுக்கு வந்துவிட்டுப் போ. நடந்ததற்காக உன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

அம்மா